பூட்டுக்கூடத்து மூக்குகள்

கோட்டைக்குள் இருந்த பழைய அரண்மனையை அப்படியே அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். அரசர் தூங்கிய அறையில் இப்போது பானைகள் தூங்கின. அரசி அலங்காரம் செய்துகொண்ட அறையில் ஓவியங்கள் தொங்கின. சுற்றுலா வருகிறவர்களுக்கோ அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஏராளம். காலையில் அரண்மனை, மத்தியானம் மணிக்கூண்டு, சாயங்காலம் ஆற்றங்கரைப் பூங்கா என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில் அரண்மனைக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் ஆயுதக்கூடமும் நகைக்கூடமும் பங்கு போட்டுக்கொள்ளும். மிச்சம் கழிப்பறை வரிசைக்குச் சரியாகப் போய்விடும்.

அப்படியிருக்க, மாடியில் கடைக்கோடியில் கிடந்த பூட்டுக்கூடத்துக்கு யார் வருவார்கள்? வழி தவறியவர்கள் வருவார்கள். எட்டிப் பார்த்து, "ஐயோ, வெறும் பூட்டா!" என்று திரும்புவார்கள். ஆள் உயரக் கோட்டைக்கதவுப் பூட்டு, சிறைச்சாலைப் பூட்டு, விரல்நகம் அளவு நகைப்பெட்டிப் பூட்டு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவையெல்லாம் அவர்கள் முதுகைப் பார்த்தே பழகிவிட்டன.

அந்தக் கூடத்துக்குக் காவல் இருந்தவளைச் சக ஊழியர்கள் பூட்டக்கா என்று கூப்பிட்டார்கள். கூட்டமே இல்லாத கூடம் என்று மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அவளோ அந்தக் காலி இடத்தைக் கோயில் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள். காரணம், சுவரோரம் போட்டிருந்த மரப்பெஞ்சில் தினமும் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்த அவளுடைய மாமனார்.

மாமனார் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கல்லைத் தின்றாலும் ஜீரணிப்பார். புத்திதான் இடம் மாறிப் போயிருந்தது. மருமகளைச் சில நாள் மருமகள் என்று தெரியும், சில நாள் யாரோ பயணி என்று நினைப்பார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததை மறந்துவிடுவார், அந்தக் காலத்து டிக்கெட் விலையை மறக்கமாட்டார். வீட்டில் தனியாக விட்டால் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை ஊர்க்கோடி பஸ் நிலையத்தில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள்.

புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி தண்ணீரில். போனில் சுலபமாக வழி சொல்வான். "வெளியில ஒரு பூட்டைப் போட்டுட்டுப் போயேன். ஊர்ல எத்தனை பேர் அப்படிப் போறாங்க."

ஒரே ஒரு நாள் அவன் பேச்சைக் கேட்டாள். சாயங்காலம் வந்து திறந்தபோது மாமனார் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. தொண்டை கம்மிப் போயிருந்தது. "எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு என்னை மட்டும் டிப்போல போட்டுப் பூட்டிட்டாங்கம்மா. உள்ள ஆள் இருக்குன்னு எவ்வளவு கத்தினேன் தெரியுமா" என்று, ஏதோ மூன்றாம் மனுஷியிடம் சொல்வது போல அவளிடமே முறையிட்டார். அவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, மருமகள் வெளியே போவதாவது என்று வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "டிக்கெட் எடுத்தவங்க ஏறித்தானே ஆகணும், வழி விடுங்க" என்று சொன்ன ஒரே ஆள் இந்த மனுஷர்தான். இனி உயிரே போனாலும் இவரை வைத்துப் பூட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அருங்காட்சியகத்தில் முதியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. எத்தனை தரம் வரலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மாமனார் பார்வையாளர் ஆனார்.

முதல் நாளே ஒரு சிக்கல். அவர் சட்டைப்பையில் பழைய விசில் இருந்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் அதை எடுத்து வாயில் வைத்தார். அவள் பதறிப்போய்ப் பிடுங்கினாள்.

"மாமா, இப்ப வேண்டாம். வண்டி கிளம்பறப்போ நானே தர்றேன்."

"எப்ப கிளம்பும்?"

"ஆள் ஏறட்டும் மாமா. ஆள் சேர்ந்ததும் எடுத்துடலாம்."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. காலி வண்டியை எவன் எடுப்பான்? பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பதில். விசில் அவள் தோள்பையின் உள்ளறையிலேயே தங்கிவிட்டது. மூடும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடைசி ஆள் இறங்காமல் கண்டக்டர் இறங்கக் கூடாதாம். அவள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எல்லாரும் இறங்கியாச்சு மாமா" என்று சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். மற்றபடி அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. கூடம் அமைதி, மாமா அமைதி, அவளுக்கும் நிம்மதி.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட வந்து சேர்ந்தார் புது இயக்குநர். படித்த மனிதர், சுறுசுறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. எந்தக் கூடம் மக்களுக்குப் பிடிக்கிறது என்று அறிய அவர் ஒரு வழி கொண்டுவந்திருந்தார். பிடித்த பொருளை மனிதன் கிட்டே போய்ப் பார்ப்பான், கிட்டே போனால் கண்ணாடியில் மூக்கோ நெற்றியோ கையோ படும். ஆகவே காலையில் துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாடியிலும் டார்ச் விளக்கைச் சாய்த்து அடித்துக் கறைகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் கறை குறைந்த கூடங்களை மூடிவிட்டு, அந்த ஊழியர்களை ஆயுதக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

"கண்ணாடியில பதியாத ரசனை ரசனையே இல்லை" என்று கூட்டத்தில் முழங்கினார். ஊழியர்கள் இதற்கு மூக்குக் கணக்கு என்று பெயர் வைத்தார்கள். டார்ச்சோடு சுற்றிய மேற்பார்வையாளருக்கு டார்ச்சு என்றே பெயராகிவிட்டது.

பூட்டக்கா யோசித்துப் பார்த்தாள். ஆயுதக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மந்தை மந்தையாக வருவார்கள். உட்காரப் பெஞ்சு கிடையாது. போதாக்குறைக்கு ஒரு கதவு நேரே தெருவில் திறக்கும். வாளைத் தொடப் போகிற பிள்ளையைத் தடுக்க அவள் ஒரு நிமிஷம் திரும்பினால் போதும், மாமா வெளியே போய்விடுவார். பிறகு பஸ் நிலையமோ, பஸ் சக்கரமோ, யார் கண்டது. அவரைக் கூட்டிப் போகவும் முடியாது, வீட்டில் விடவும் முடியாது. மிஞ்சுவது பூட்டுதான்.

டார்ச்சு முதல் நாள் பூட்டுக்கூடத்துக்கு வந்து விளக்கை அடித்தார். கண்ணாடிகள் குழந்தை மனசு போலப் பளிச்சென்று இருந்தன.

"என்னம்மா, ஒரு மூக்குகூட இல்லையே?"

"வர்றவங்க எல்லாம் தள்ளி நின்னு பாக்கறாங்க சார். மரியாதை தெரிஞ்சவங்க."

பெஞ்சில் இருந்த மாமா சட்டென்று எழுந்து நிமிர்ந்து நின்றார். அவருக்கு டார்ச்சைக் கண்டால் டிக்கெட் பரிசோதகர் என்று நினைப்பு. "எல்லாம் சரியா இருக்கு சார். வண்டிதான் இன்னும் ரொம்பல" என்றார். டார்ச்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை, கூடத்தைச் சாத்துவதற்கு முன்னால், பூட்டக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கோட்டைக்கதவுப் பூட்டின் கண்ணாடியில் தன் மூக்கை வைத்து அழுத்தினாள். மூக்கு சில்லிட்டது. வெட்கமாகவும் இருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தால் மங்கலாக ஒரு வட்டம். இது காலை வரை தாங்குமா என்று சந்தேகம் வந்தது. அடுத்த நாள் முகத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே கிரீம் பூசிக்கொண்டு வந்தாள்.

தொழில் பழகப் பழக நுணுக்கமும் கூடியது. எல்லா மூக்கும் ஒரே உயரத்தில் இருந்தால் டார்ச்சு மோப்பம் பிடித்துவிடுவார். ஆகவே ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து குழந்தை மூக்கு வைத்தாள், ஓரிடத்தில் நுனிக்காலில் எக்கி நெட்டை ஆளின் மூக்கு வைத்தாள். நகைப்பெட்டிப் பூட்டு பெண்களுக்குப் பிடிக்கும் என்று அங்கே நெற்றியும் வைத்தாள். சிறைப்பூட்டுக்குப் பெரிய வரவேற்பு இருந்தால் நன்றாக இருக்காது என்று அங்கே மட்டும் அடக்கி வாசித்தாள். மாமா பெஞ்சிலிருந்தபடி இதையெல்லாம் பார்ப்பார்.

"என்னம்மா தேடறே?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஏதாவது தவற விட்டுட்டியா? டிப்போல எழுதிக் குடு, கிடைச்சுடும்."

ஒரு காலை டார்ச்சு கண்ணாடியருகே குனிந்து மூச்சை இழுத்தார். அவளுக்கு உயிரே இல்லை.

"ஏம்மா, இங்க வர்றவங்க எல்லாரும் ஒரே கிரீம் போடறாங்களா?"

"இப்ப அதுதான் சார் எல்லாக் கடையிலயும் விக்குதாம்" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவர் நம்பினாரோ இல்லையோ, கணக்கு ஏறினால் அவருக்கும் நல்ல பெயர். எதற்கு வம்பு என்று நகர்ந்துவிட்டார்.

ஒருநாள் மாலை தன் வேலையை முடித்துவிட்டு மாமாவோடு படியிறங்கும்போது, பானைக்கூடத்துக் காவலர் ஓர் ஆளுயரத் தாழியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பெரிய மனிதர், பேரன் பேத்தி எடுத்தவர். காலடி கேட்டுத் திரும்பியவரின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"என்ன அண்ணே இது?"

"பாத்தா தெரியல? பூட்டக்கா மட்டும்தான் மூக்கோட பிறந்தவளா? நான் என்ன, என் மூக்கை வீட்ல வச்சுட்டா வேலைக்கு வர்றேன்?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓவியக்கூடத்துக்காரி தன் தங்கச்சியையே கூட்டிட்டு வந்துட்டா. ரெண்டு மூக்கு" என்றார்.

ஆக, அந்த அரண்மனை முழுக்க மாலையானால் ஊழியர்கள் கண்ணாடியை முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் டார்ச்சு போய் எண்ணினார். கணக்கு எகிறியது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. என் காலத்தில்தான் மக்களின் ரசனை விழித்தது என்று பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். போட்டி என்று வந்துவிட்டதால் பூட்டக்காவும் விடவில்லை. மற்றவர்களுக்குப் போவது வேலையிடம், அவளுக்குப் போவது மாமா. அந்த வெறியில் தேய்த்தாள், மூக்கில் தோலே உரிந்தது. பிறகு என்ன, ஆண்டு முடிவில் மூக்குக் கணக்கில் பூட்டுக்கூடம் முதலிடம். ஆனானப்பட்ட நகைக்கூடமே அதற்குப் பின்னால்தான்.

ஊழியர்கள் கூட்டத்தில் இயக்குநர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பானைக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டே தட்டினார்.

"யாரும் எதிர்பார்க்காத வெற்றி" என்றார் இயக்குநர். "இவ்வளவு பேர் விரும்பற பூட்டுகளை ஒரு மூலையில வச்சிருக்கறது பாவம். அதனால இந்தத் தொகுப்பு முழுசையும் ஊர் ஊரா கண்காட்சிக்கு அனுப்பப் போறோம். திரும்பி வர ரெண்டு வருஷமாவது ஆகும். அது வரைக்கும் பூட்டுக்கூடத்தைச் சாத்தி வைப்போம். அம்மா ஆயுதக்கூடத்துக்குப் போகட்டும். இவ்வளவு கூட்டத்தைச் சமாளிச்சவங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமா?"

மறுபடி கைதட்டல். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. சார், அதெல்லாம் என் மூக்கு சார் என்று சொல்லவா முடியும்? சொன்னால் வேலையே போகும். உட்கார்ந்தாள். அவ்வளவு பேர் நடுவில் அழுகை வந்துவிடக் கூடாது என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரமே ஆட்கள் வந்து பூட்டுகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். மாமா பெஞ்சில் இருந்தபடி, "லக்கேஜுக்குத் தனி டிக்கெட்" என்று அவர்களை மிரட்டினார்.

புருஷனிடம் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் கடல் இரைந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான். "நல்லதா ஒண்ணு வாங்கிப் போடு. எனக்கு மட்டும் ஆசையா? வேற என்ன பண்ண முடியும் சொல்லு." அவனையும் திட்ட முடியவில்லை. வேறு என்ன பண்ண முடியும் என்று அவளுக்கும்தான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாலைந்து பூட்டுகளை எடுத்துப் போட்டார். இத்தனை வருஷம் பூட்டுகளுக்கு நடுவில் இருந்தவளுக்கு எது நல்லது என்று பார்க்கத் தோன்றவில்லை. கைக்குக் கிடைத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆயுதக்கூடத்தில் சேர வேண்டிய நாள். மாமாவுக்குச் சாப்பாடு போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டை மாட்டினாள். அழுத்தவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. கத்தலோ கோபமோ இல்லை, சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, இன்னிக்கு வண்டி இல்லையா?"

அவள் பூட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து, "செருப்பைப் போடுங்க மாமா" என்றாள். நடப்பது நடக்கட்டும் என்று அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பூட்டு பையிலேயே கிடந்தது.

ஆயுதக்கூடத்தில் அன்றைக்கென்று இரண்டு பள்ளிக்கூடங்கள். போதாததற்கு வெளியூரிலிருந்து ஒரு சுற்றுலா வண்டி. பீரங்கியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. நகைக்கூடத்துக்குப் போகும் குறுகலான நிலைவாசலில் போகிறவர்களும் வருகிறவர்களும் முட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காது கிழிந்தது. அவள் மாமாவை ஜன்னல் ஓரத்து மேடையில் உட்காரவைத்து, "எங்கயும் போகக் கூடாது மாமா, இங்கயே இருங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் ஒருவன் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பீரங்கி மேல் ஏறப் போனான். அவள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனுடைய டீச்சரோடு இரண்டு வார்த்தை. திரும்பினால், மேடை காலி.

கூட்டத்தை இடித்துக்கொண்டு தெருக்கதவுக்கு ஓடினாள். வெளியே வெயில், வாகனங்கள், போகிற வருகிற ஜனம். எந்தப் பக்கம் போனார்? யாரைக் கேட்பது? "ஐயா, ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை..." என்று தெருவில் போன ஒருவரைப் பிடித்துக் கேட்க வாயெடுத்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால், கூடத்துக்குள்ளிருந்து, அந்தக் குரல் கேட்டது. கம்மலும் இல்லை, நடுக்கமும் இல்லை. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் கேட்ட குரல்.

"இறங்கறவங்களுக்கு முதல்ல வழி விடுங்க! ஏறறவங்க இடது பக்கம் ஒதுங்குங்க! தம்பி, படியில நிக்காத! உள்ள இடம் காலியா இருக்கு, முன்னாடி போங்க, முன்னாடி போங்க!"

நகைக்கூடத்து நிலைவாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை நிலையின் மேல்சட்டத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தது. கூட்டம் முணுமுணுக்காமல் அவர் சொன்னபடி கேட்டது. முட்டிக்கொண்டு நின்ற இரண்டு வரிசையும் இளகி நகர்ந்தன. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருத்தி கையை நீட்டி, "ஒரு டிக்கெட்" என்றாள். "சில்லறையா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

பூட்டக்கா வந்த வேகத்தில் நின்றுவிட்டாள். அமைதியான இடம் வேண்டும், ஆள் வராத இடம் வேண்டும் என்று இவருக்காக அவள் காத்து வைத்த கூடத்தில், மனுஷர் தினம் தினம் ஆள் ஏறுவதற்கல்லவா காத்துக்கொண்டிருந்தார்! தினமும் கேட்டாரே, வாயைத் திறந்து கேட்டாரே! ஆள் சேரட்டும், ஆள் சேரட்டும் என்று ஈ, காக்காய் வராத இடத்தில் உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறாள். அதைக் காப்பாற்ற மூக்கை வேறு தேய்த்திருக்கிறாள். தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. அதோடு சேர்த்து அழுகையும் வந்தது. கடைசி ஆள் இறங்காமல் அவர் அந்த வாசலை விட்டு எங்கேயும் போகப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

கிட்டே போனாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகள் என்று தெரிந்ததா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. மேல்சட்டத்தைப் பிடித்த கையை எடுக்காமல் மறுகையை அவளிடம் நீட்டினார்.

"விசிலைக் குடும்மா."

அவள் விழித்தாள்.

"என்ன பாக்கறே? வண்டி கிளம்பறப்போ தர்றேன்னு சொன்னியே. ஆள் ஏறியாச்சு பாரு."

அவள் பெயரை மறந்தவர், பெண்டாட்டி செத்ததை மறந்தவர், இதை மறக்கவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் டார்ச்சு வந்து நிற்பது தெரிந்தது. கழுத்தை நீட்டி இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சத்தம் போடக் கூடாது என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அவள் பைக்குள் கையை விட்டாள். முதலில் பூட்டு அகப்பட்டது. அதைத் தள்ளிவிட்டு உள்ளறையில் துழாவி விசிலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மாமா அதைச் சட்டையில் துடைத்து வாயில் வைத்து இரண்டு தரம் ஊதினார். அரண்மனை முழுக்கக் கேட்டிருக்கும். ஆயுதக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "போலாம் ரைட்!" என்று கத்தின.

டார்ச்சு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். என்ன சொல்வது என்று யோசித்தபடி அவள் வாசலிலேயே நின்றாள்.

"வழியில நிக்காதம்மா" என்றார் மாமா. "உள்ள போ. நிறைய இடம் இருக்கு."

அவள் உள்ளே போனாள்.